சின்னக் குழந்தைக்குப் புத்தகம் படித்துக் காட்டுவது எப்படி: புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

என் மகளுக்கு இரண்டு வயது ஆனதும் சுவரில் எழுத்து அட்டவணை ஒட்டினேன். தினமும் மாலையில் அவளைப் பிடித்து உட்காரவைத்து, புத்தகத்தைத் திறந்து, "இது என்ன எழுத்து, சொல்லு" என்று கேட்பேன். மூன்றே மாதத்தில், என் கையில் புத்தகத்தைப் பார்த்தாலே எழுந்து அடுத்த அறைக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வெறுப்பைக் கரைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அவள் தம்பி பிறந்தபோது வேறு மாதிரி தொடங்கினேன். நான்கு மாதத்திலிருந்தே அவனை மடியில் வைத்துப் புத்தகம் பார்த்தோம். நான்கு வயதுவரை எழுத்துப் பாடம் எடுக்கவில்லை. அந்த இரண்டு அனுபவங்களுக்கு நடுவே தெரிந்துகொண்டதை, நீங்கள் செய்யவேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. எப்போது தொடங்குவது? இன்றைக்கே

பேச்சே வராத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார் ஒரே கதையைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்து சில நாளே ஆன அந்தக் குழந்தைகள், புதிய கதையைவிடப் பழகிய கதையையே கேட்க விரும்பின. என்ன கதை என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் மனதில் தங்கியிருந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே படித்துக் காட்டச் சொல்லி 2014இல் பரிந்துரைத்தது; 2024இல் அதை மறுபடி வலியுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலும், குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் கூட இருந்து புத்தகம் படிப்பதையும் கதை சொல்வதையும்தான் ஊக்குவிக்கிறது.

உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே மூன்று, நான்கு வயது ஆகிவிட்டதா? கவலை வேண்டாம், தாராளமாகத் தொடங்கலாம். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற குழந்தை என்றால் மட்டும் 8ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். என் மகளை நான் திரும்பக் கூட்டிவந்தது அந்த வழியில்தான்.

2. ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு நேரத்தைக் கட்டிவிடுங்கள்

"தினமும் அரை மணி நேரம் படிப்போம்" என்று முடிவெடுத்த எந்த வாரமும் எனக்கு நிலைக்கவில்லை. குளிப்பாட்டி உடை மாற்றியதும் ஒரு புத்தகம், மதியத் தூக்கத்துக்கு முன் ஒரு புத்தகம் என்று தினசரி தவறாத ஒன்றோடு சேர்த்த பிறகுதான் பழக்கமானது.

எவ்வளவு நேரம்? ஒரு வயதுக்குள் இரண்டு மூன்று நிமிடம் போதும். இரண்டு வயதில் ஐந்து முதல் பத்து நிமிடம். மூன்று வயதுக்கு மேல் குழந்தையே "இன்னொண்ணு" என்று கேட்கும். பாதியில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். முடித்தே ஆகவேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தால், மறுநாள் அது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வராது.

இரவுப் படுக்கைதான் சரியான நேரம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது சரிவரவில்லை. அந்த நேரத்தில் எல்லாருக்கும் களைப்பு. காலையில் எழுந்ததும் படித்தது எங்களுக்குப் பொருந்தியது. உங்கள் குழந்தை நிதானமாக இருக்கிற நேரம் எது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவெடுங்கள். அந்த நேரத்தில் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

3. வயதுக்கு ஏற்ற புத்தகம்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதனால் முதல் சில மாதங்களுக்குக் கறுப்பு வெள்ளை போல நிறம் நன்றாக வேறுபடுகிற பெரிய படங்கள் போதும். ஆறு மாதம் வாக்கில் புத்தகம் நேராக வாய்க்குப் போகும். பிடுங்காதீர்கள், அந்த வயதில் பொருளைத் தெரிந்துகொள்வதே வாயால்தான். கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள். மூலைகள் உருண்டையாக இருக்கிறதா, பிய்ந்து தொண்டையில் சிக்கக்கூடிய பொத்தான், மணி, சின்ன ஒட்டுகள் ஏதும் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். பேசும் புத்தகமாக இருந்தால் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரலால் சுட்டிக்காட்டத் தொடங்கும். அப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், பக்கத்தில் அதன் பெயர் என்று இருக்கும் புத்தகங்கள் நன்றாக எடுபடும். இரண்டு வயதில், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகள். மூன்றுக்கு மேல், ஒரு சிக்கல் வந்து அது தீர்கிற கதைகள். எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகம் எந்த வயதுக்கும் நல்லது. படிக்கத் தெரியாத தாத்தா பாட்டியும் அதை வைத்துக் கதை சொல்லலாம்.

கடையில் பெரியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. "அறிவை வளர்க்கும்", "சீக்கிரம் படிக்கவைக்கும்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பித் தொகுப்பாக வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். படங்களில் உயிரே இல்லை. ஒரு பக்கத்தில் இருபது பொருள், இருபது பெயர். கதை இருக்கிறதா, படத்தில் யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

4. புத்தகம் சேர்ப்பது: செலவும் ஆவணங்களும்

வீட்டில் சொந்தமாகப் பத்துப் புத்தகம் இருந்தால் போதும். மீதியை நூலகத்திலிருந்து சுழற்சியாக எடுக்கலாம். குழந்தையை உறுப்பினராக்கப் பொதுவாகக் கேட்பவை: பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, குழந்தையின் பிறந்த தேதிக்கான சான்று, பெற்றோர் கையெழுத்திட்ட விண்ணப்பம். சில இடங்களில் புகைப்படமும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் அசலும் ஒரு நகலும் எடுத்துப் போங்கள். சமீபத்தில் வீடு மாறியவர்கள் முகவரிச் சான்றில் மாட்டிக்கொள்வார்கள். வேறு எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் இதற்காகவே இரண்டு முறை திரும்பி வந்தேன்.

கையெழுத்துப் போடுமுன் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். குழந்தைகளுக்குச் சந்தா உண்டா? முன்பணம் கட்டவேண்டுமா, அது திரும்பக் கிடைக்குமா? ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம், எத்தனை நாள்? நேரில் வராமல் தவணை நீட்டிக்க முடியுமா? கிழிந்தால், கடித்துவிட்டால் எவ்வளவு கட்டவேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியம். அபராதத்துக்குப் பயந்து நூலகப் புத்தகத்தைக் குழந்தை கைக்கே கொடுக்காமல் உயரத்தில் வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வாயில் வைக்கிற வயதுக்குச் சொந்தப் புத்தகம், அதைத் தாண்டியதும் நூலகப் புத்தகம் என்று பிரித்துக்கொண்டால் இந்தப் பயம் வேண்டியதில்லை.

செலவில்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை என்பதால் பதிவிறக்கி அச்சிட்டும் படிக்கலாம். படிப்பு நிலைவாரியாகப் பிரித்திருப்பார்கள். சின்னவர்களுக்கு முதல் நிலை.

இன்னொன்று, நீங்களே செய்கிற புத்தகம். தடித்த தாள் நான்கை மடித்து நடுவில் நூலால் தைத்தால் பதினாறு பக்கம். அதில் குழந்தையின் புகைப்படங்கள், வீட்டில் உள்ளவர்கள், அது தினமும் பார்க்கும் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு வரி. என் மகன் எல்லாப் புத்தகத்தையும்விட அதிகமாகப் புரட்டியது இதைத்தான்.

புத்தகங்களை முதுகு தெரியும்படி அலமாரியில் அடுக்காதீர்கள். அட்டைப்படம் தெரியும்படி, குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஐந்தாறை மட்டும் வையுங்கள். ஒரு சின்ன நோட்டும் போடுங்கள்: எந்தப் புத்தகம், திருப்பவேண்டிய தேதி, குழந்தை புதிதாகச் சொன்ன வார்த்தை. கடைசிப் படியில் இது தேவைப்படும்.

5. மடியில் வைத்துப் படிக்கும்போது என்ன செய்வது

மற்ற படிகளில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. இதை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படிக்க, குழந்தை கேட்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் குழந்தையை எவ்வளவு பேசவைக்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினர் வழக்கம்போலப் படித்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு, கேள்வி கேட்கவும் குழந்தை சொல்வதை நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் இரண்டாம் பகுதிக் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் முன்னுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த முறை எளிமையானது. மழையில் ஒரு நாய் நிற்கிற படம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை "நாய்" என்கிறது. நீங்கள் "ஆமா, நாய். நனைஞ்ச நாய்" என்கிறீர்கள். ஒரு வார்த்தையைக் கூட்டிக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். கொஞ்சம் காத்திருந்தால் "நனைஞ்ச நாய்" என்று அதுவே சொல்லிப் பார்க்கும். அடுத்த வாரம் அதே பக்கத்தில் "நனைஞ்ச நாய் எங்க போகப்போகுது?" என்று கேளுங்கள். இன்னும் சில வாரம் கழித்து "நீ அன்னிக்கு மழையில நனைஞ்சியே, ஞாபகம் இருக்கா?" என்று அதன் வாழ்க்கைக்கே கொண்டுபோகலாம்.

கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். இரண்டு எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். சின்ன மூளை கேள்வியைக் கேட்டு, வார்த்தையைத் தேடி, வாய்க்குக் கொண்டுவர நேரம் வேண்டும்.

ஆனால் பரீட்சையாக்கிவிடாதீர்கள். "இது என்ன நிறம்? இது எத்தனை? இதுக்குப் பேர் என்ன?" என்று தொடர்ந்து கேட்டால் எந்தக் குழந்தையும் எழுந்து போகும். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு பக்கம் சும்மா ரசித்துவிட்டுப் போவது என்று நான் கணக்கு வைத்திருந்தேன். ஒருநாள் என் மகள் என் வாயைப் பொத்தி, "அப்பா, கேக்காத, படி" என்றாள். அன்றைக்குப் படிக்க மட்டும் செய்தேன்.

தப்பாகச் சொன்னால் "இல்லை" என்று சொல்லத் தேவையில்லை. கழுதையைக் குதிரை என்றால், "குதிரை மாதிரியே இருக்கு இல்ல? இது கழுதை. காது பாரு, எவ்வளவு நீளம்" என்றால் போதும்.

6. பேச்சுத் தமிழா, புத்தகத் தமிழா?

தமிழில் படித்துக் காட்டுகிறவர்களுக்கு வரும் சிக்கல் இது. புத்தகத்தில் "குரங்கு மரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது" என்று இருக்கும். குழந்தைக்குத் தெரிந்ததோ "கொரங்கு மரத்து மேல ஏறிட்டு இருந்துச்சு". அச்சில் உள்ளபடியே படித்தால் கண் வேறெங்கோ போய்விடும். முழுக்கப் பேச்சுக்கு மாற்றிவிட்டால், பிறகு பள்ளிப் பாடநூலைத் திறக்கும்போது அந்த மொழி அந்நியமாக நிற்கும்.

எனக்குச் சரிவந்தது இது. இரண்டு வயதுவரை முழுக்கப் பேச்சுத் தமிழ். அதன் பிறகு, ஒரு புதிய புத்தகத்தை முதல் சில தடவை பேச்சு நடையில் சொல்லிவிடுங்கள். கதை மனதில் பதிந்ததும் அச்சில் உள்ளபடி படியுங்கள். கதை தெரிந்திருப்பதால் "ஏறிக்கொண்டிருந்தது" என்பதன் பொருள் தானே விளங்கிவிடும். கொஞ்ச நாளில் குழந்தையே விளையாடும்போது "அப்பொழுது ஒரு சிங்கம் வந்தது" என்று புத்தகக் குரலில் சொல்ல ஆரம்பிக்கும். அது காதில் விழும்போது நல்ல சந்தோஷமாக இருக்கும். அதற்காகக் குழந்தையின் பேச்சை எழுத்து நடைக்குத் திருத்தாதீர்கள். இரண்டும் அதற்கு வேண்டும்.

வீட்டில் இரண்டு மொழி புழங்கினால், இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அப்படி ஆவதில்லை. புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் படத்தைப் பார்த்து உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் கதை சொல்லுங்கள்.

7. அதே புத்தகத்தை நூறாவது தடவை கேட்டால்

படியுங்கள். 2011இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்ப, மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்களே அந்தச் சொற்களை அதிகம் கற்றிருந்தார்கள்.

உங்களுக்குச் சலிப்பாக இருந்தால், பழகிய வரியில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள். குழந்தை முடித்துவைக்கும்.

8. புத்தகம் இல்லாத கதைகள்

என் மகள் புத்தகத்தை வெறுத்த அந்த மாதங்களில் என் அம்மா வந்து தங்கினார். "புத்தகத்த எடுத்து உள்ள வைடா, நான் பாத்துக்கறேன்" என்றார். துணி மடித்துக்கொண்டே அவளிடம் கதை சொன்னார். கதாநாயகியின் பெயர் என் மகளின் பெயர். அவள் அன்று செய்தவையே கதையில் வந்தன. பத்து நாளில் "பாட்டி, அப்புறம்?" என்று பின்னாலேயே சுற்றினாள். பிறகு அந்தக் கதையை அவள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் நான் எழுதினேன், அவள் படம் கிறுக்கினாள். அவளுக்குப் பிடித்த முதல் புத்தகம் அந்த நோட்டுதான்.

கதை சொல்லத் தெரியாது என்பவர்கள் அன்றைய நாளையே சொல்லுங்கள். காலையில் எழுந்தது யார், செருப்பு எங்கே காணாமல் போனது, யார் கண்டுபிடித்தது. தொடக்கம், ஒரு சின்னச் சிக்கல், முடிவு. அது போதும்.

9. எழுத்துகள் எப்போது?

படித்துக் காட்டும்போது சின்னக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான். எழுத்துப் பக்கம் போவதே அரிது. ஆகவே படித்துக் காட்டினாலே எழுத்து தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தலைப்புக்குக் கீழே எப்போதாவது விரலை ஓட்டிக் காட்டுங்கள், போதும்.

எழுத்துக்கு முன்னால் வரவேண்டியது ஒலி. மூன்று வயதிலிருந்து சொற்களைக் கைதட்டிப் பிரித்து விளையாடுங்கள்: பட்-டாம்-பூச்-சி, நான்கு தட்டு. பூனை, யானை என்று ஒரே மாதிரி முடிகிற சொற்கள். மரம், மயில், மணி என்று ஒரே ஒலியில் தொடங்குகிறவை. தமிழில் ஓர் உயிர்மெய் எழுத்து ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ஒலி என்பதால், ஒலியைப் பிரிக்கப் பழகிய காதுக்குப் பின்னால் எழுத்து எளிதாகிறது.

நான்கு வயது வாக்கில், குழந்தையின் பெயரில் உள்ள எழுத்துகளிலிருந்து ஆரம்பியுங்கள். 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மீதி 216 அவற்றின் சேர்க்கைதான். கால், கொம்பு, கொக்கி போன்ற குறிகள் பிடிபட்டால் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறும் என்பதால் அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. திரையில் படிக்கலாமா?

உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் திரையைப் பரிந்துரைக்கவில்லை; இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தபோது, அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் மின்புத்தகத்தில் பெற்றோரும் குழந்தையும் குறைவாகவே பேசிக்கொண்டார்கள். திரையில்தான் படிக்கவேண்டிய நிலை என்றால் ஒலியையும் அசைவையும் அணைத்துவிட்டு நீங்களே படியுங்கள்.

11. எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ கையசைவுச் சைகையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, இருபத்துநான்கு மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துத் தானாகப் பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே போகவேண்டும். "ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசும்" என்ற ஆறுதலில் மாதங்கள் போய்விடும். முதலில் செவித்திறன் சோதனை கேளுங்கள்.

எடுத்துப் போகவேண்டியவை: பிறப்பு, தடுப்பூசிப் பதிவேடு, பிறந்தபோது செய்த செவிச் சோதனையின் அறிக்கை, குழந்தை சொல்லும் சொற்களைக் குறித்த அந்த நோட்டு, வீட்டில் அது இயல்பாக விளையாடும் இரண்டு மூன்று நிமிட வீடியோ. புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்காது, அப்போது வீடியோ உதவும். பேச்சுப் பயிற்சியாளரிடம் நேரம் கிடைக்கச் சில வாரமோ மாதமோ ஆகலாம், ஆகவே சந்தேகம் வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். தேதி வரும்வரை படிப்பதை நிறுத்த வேண்டாம். மடியில் வைப்பதற்குப் பதில் உங்கள் முகம் பார்த்து உட்காரவையுங்கள். புத்தகத்தை உங்கள் முகவாய்க்குக் கீழே பிடித்து, உதட்டசைவு தெரியும்படி மெதுவாகப் படியுங்கள்.